இயற்கை விவசாயம்: மூன்று வருஷச் சுமையைத் தாங்குவது யார்?

பெங்களூரில் கடைப் பலகைகளில் "சாவயவ" என்று எழுதியிருக்கிறது. ஹைதராபாத்திலும் புனேயிலும் "சேந்திரிய" என்கிறார்கள். டில்லியில் "ஜைவிக்". பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதான்: ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் விளைந்த அரிசி, பருப்பு, காய்கறி. அந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு மாதச் சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுகிறார்கள்.

இது வாங்குபவரின் கஷ்டம். விளைவிப்பவரின் கஷ்டம் வேறு. கடையில் வைக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி அவர் கைக்குப் போய்ச் சேருவதில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று உதவ வேண்டியது அரசாங்கம். உதவி இல்லாமல் இல்லை. 2015 முதல் திட்டத்தின் மேல் திட்டமாக வந்துகொண்டிருக்கிறது. 2024 நவம்பர் 25ந் தேதி மத்திய மந்திரிசபை, தேசிய இயற்கை விவசாய இயக்கம் என்ற புதிய திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 2,481 கோடி ரூபாய்.

கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அது யாருக்கு, எவ்வளவு, எந்தச் சமயத்தில் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. ஊரில் இருக்கும் ஒன்றிரண்டு ஏக்கரை வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டுவிட்டு வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த விஷயத்தில் இரட்டை அக்கறை உண்டு. இங்கே அவர்கள் வாங்குபவர்கள். அங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர்கள்.

உர மூட்டை வந்த கதை

ரசாயன உரத்தை வெறுமனே வில்லனாகச் சித்தரிப்பது நியாயமாகாது. 1965, 1966 ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து இந்தியா காத்திருந்தது. அன்று மத்திய உணவு மந்திரியாக இருந்தவர் சி. சுப்பிரமணியம். 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவிக்க அவர் துணிந்தார். விஞ்ஞானத் துறையில் அந்த முயற்சிக்குத் துணை நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். புதிய குட்டை ரகங்கள் தண்ணீரும் உரமும் கேட்டன, கொடுத்தபோது விளைந்தன. ரேஷன் கடையில் வரிசையில் நின்ற தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

1977ல் உரத்துக்கு முறையான மான்யம் ஏற்பட்டது. விவசாயிக்குக் குறைந்த விலை, தொழிற்சாலைக்கு நஷ்டமில்லாத விலை, இடையில் உள்ள வித்தியாசத்தை அரசு தரும் என்பது ஏற்பாடு. 2010ல் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களுக்கு அந்த ஏற்பாடு மாறியது. அவற்றின் விலை ஏறியது. யூரியாவின் விலையை மட்டும் தொடவில்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற விலை பல ஆண்டுகளாக நீடித்தது. உலகச் சந்தையில் விலை உச்சத்தில் இருந்த 2022ல், அதே மூட்டைக்கு அரசு ஏற்ற சுமை 2,000 ரூபாயைத் தாண்டியது.

மலிவாகக் கிடைக்கும் பொருள் அளவுக்கு மீறிப் போகும் என்பது உலக வழக்கு. பயிர் பச்சென்று நிற்க வேண்டும் என்று யூரியாவை அள்ளி வீசுகிறார்கள். மற்றச் சத்துக்கள் குறைகின்றன, மண்ணில் மக்கு இல்லை, பூச்சி அதிகமாகிறது, அதற்கு மருந்து, மருந்துக்குக் கடன். இப்படி ஒன்றன் பின் ஒன்றாக வந்த சங்கிலியை அறுக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இயற்கை விவசாயம் மறுபடியும் பேச்சுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர் 2013ல் மறைந்த நம்மாழ்வார். கர்நாடகத்திலும் மராட்டியத்திலும் அதே வேலையைச் செய்தவர் அமராவதியைச் சேர்ந்த சுபாஷ் பாலேகர். 2016ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அரசு செய்தது என்ன?

மத்திய அரசின் முதல் முயற்சி ஏற்றுமதியை மனதில் வைத்துத் தொடங்கியது. 2001ல் வர்த்தக இலாகா தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு மார்க்கெட்டுக்குப் போகும் பண்டத்துக்குச் சர்ட்டிபிகேட் வழங்குவது அதன் முக்கிய வேலை. விவசாய இலாகாவின் தேசிய அங்கக விவசாயத் திட்டம் 2004ல் வந்தது. அதே ஆண்டில் கர்நாடகம் தனக்கென்று ஓர் அங்கக விவசாயக் கொள்கையை வகுத்தது. தமிழ்நாடு தன் உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது 2023ல்தான்.

2015-16ல் வந்த "பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா" என்ற திட்டம்தான் சாதாரண விவசாயியை நேராக எட்டிய முதல் பெரிய திட்டம். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு உதவி கிடைக்கும். வடகிழக்கு மாநிலங்களுக்கு அதே ஆண்டில் தனித் திட்டம் ஏற்பட்டது. 2023ல் கூட்டுறவுத் துறையில் தேசிய அங்ககக் கூட்டுறவு நிறுவனம் தொடங்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் "பாரத் ஆர்கானிக்ஸ்" என்ற பெயரில் பண்டங்கள் விற்பனைக்கு வந்தன.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற இயக்கம் இன்னும் விரிவானது. 15,000 குழுக்கள், ஏழரை லட்சம் ஹெக்டேர் நிலம், ஒரு கோடி விவசாயிகளுக்குச் செய்தி சேர்த்தல், 10,000 இடுபொருள் மையங்கள் என்று இலக்கு வைத்தார்கள். கடையில் உரம் வாங்குகிறவன் மாட்டைத் தேடி அலைய முடியாது. ஆகவே ஜீவாமிர்தம் போன்றவற்றைத் தயாரித்துக் கொடுக்க ஊருக்குப் பக்கத்தில் ஒரு மையம் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கருத்து சரியானதே.

ஜீவாமிர்தம் என்பது என்ன என்று பட்டணத்தில் பிறந்த பிள்ளைகள் கேட்கலாம். பத்துக் கிலோ பசுஞ்சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண் ஆகியவற்றை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து ஊறவிடுவது. இது ஒரு ஏக்கருக்கு ஒரு தடவைக்கான அளவு. இதை உரம் என்று சொல்வதைவிட உறை என்று சொல்வது பொருந்தும். பாலில் மோர் விட்டுத் தயிராக்குவதுபோல, மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைப் பெருக்குவது இதன் வேலை என்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

இப்போது ரூபாய்க் கணக்குக்கு வரலாம். 2015 திட்டத்தில் 2022-23 முதல் அமலான விதிப்படி, மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய். இதில் பயிற்சிக்கு 9,000, விற்பனை மற்றும் பொட்டலம் கட்டுவதற்கு 4,500, சர்ட்டிபிகேட்டுக்கும் பரிசோதனைக்கும் 3,000. மிச்சம் 15,000 ரூபாய்தான் விவசாயியின் பாங்குக் கணக்குக்கு நேராக வருவது. மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 5,000. அதையும் ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 2,000 ரூபாய்.

ஒரு ஏக்கர் நெல்வயலில் ஒரு தடவை கைக்களை எடுக்கப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் வேண்டும். களைக்கொல்லி தெளிக்கக் கூடாது என்றால் இரண்டு தடவை எடுக்க வேண்டியிருக்கும். இன்றைய கூலியில் ஒரு தடவைக்கே அந்த 2,000 ரூபாய் போதாது.

மறுபுறம் பாருங்கள். 2022-23ல் மத்திய அரசின் உர மான்யம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. உலக விலை இறங்கிய 2023-24லும் 1.8 லட்சம் கோடிக்கு மேல் இருந்தது. இயற்கை விவசாய இயக்கத்துக்கு ஒதுக்கிய 2,481 கோடி, அந்த ஒரே ஆண்டின் உர மான்யத்தில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லை. இலக்காக வைத்த ஏழரை லட்சம் ஹெக்டேர், நாட்டில் பயிரிடப்படும் சுமார் 14 கோடி ஹெக்டேரில் நூற்றில் அரைப் பங்கு.

ஒரு கையால் யூரியா மூட்டைக்கு 2,000 ரூபாய் கொடுத்துவிட்டு, மறு கையால் யூரியா வேண்டாம் என்பவருக்கு ஏக்கருக்கு 2,000 ரூபாய் கொடுப்பது எந்தப் பக்கம் வண்டியை இழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. யூரியா போடாத விவசாயி அரசுக்கு மிச்சம் செய்துகொடுக்கிறார். அந்த மிச்சத்தில் ஒரு பகுதியாவது அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

சோதனையான காலம்

உண்மையான நெருக்கடி எங்கே இருக்கிறது? ரசாயனத்தை நிறுத்திய அன்றே ஒருவர் இயற்கை விவசாயி ஆகிவிட முடியாது. விதிப்படி, நெல், பயறு போன்ற பயிர்களுக்கு இரண்டு ஆண்டு, தென்னை, மா போன்ற மரப் பயிர்களுக்கு மூன்று ஆண்டு மாறுதல் காலம் உண்டு. அந்தக் காலத்தில் ரசாயனம் போடவும் கூடாது. விளைந்ததை அங்ககப் பண்டம் என்று முழு விலைக்கு விற்கவும் முடியாது.

மண் பழைய நிலைக்குத் திரும்பாத காலமும் அதுதான். மகசூல் குறைவது பெரும்பாலும் அப்போதுதான். பல நாடுகளில் நடந்த ஒப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள், அங்கக முறையில் மகசூல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்கின்றன. பயிருக்குப் பயிர், மண்ணுக்கு மண் இது மாறும். மானாவாரிச் சிறுதானியத்தில் வித்தியாசம் அதிகமில்லை. நீர்ப்பாய்ச்சி உரம் போட்டு உச்ச மகசூல் எடுத்த வயலில்தான் வீழ்ச்சி பெரிது.

பத்து ஏக்கர்க்காரர் ஒரு ஏக்கரில் சோதனை செய்து பார்க்கலாம். ஒரே ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு ஏக்கர்தான் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம், மகளின் கல்யாணம், கடன்காரருக்குத் தவணை. இரண்டு போகம் தவறினால் அவர் பட்டணத்துக்கு ரயில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த இரண்டு மூன்று வருஷச் சுமையைத் தாங்குவது யார் என்பதற்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும் முழுத் திட்டம் ஆகாது.

சிக்கிம் போன பாதை

முழு மாநிலமாக மாறிக் காட்டியது சிக்கிம். 2003ல் முதன் மந்திரி பவன் குமார் சாம்லிங் அரசு சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது. உர மான்யத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியது. விற்பனை நிலையங்கள் மூடப்பட்டன. 2010ல் தனி இயக்கம் ஏற்பட்டது. 2014ல் ரசாயன இடுபொருளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சுமார் 75,000 ஹெக்டேர் நிலத்துக்குச் சர்ட்டிபிகேட் வாங்கி, 2016 ஜனவரியில் முழு அங்கக மாநிலம் என்று பிரதமர் மோடி அறிவித்தார். 2018ல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து வழங்கும் சர்வதேசத் தங்கப் பரிசும் கிடைத்தது.

பாராட்டத்தக்க சாதனைதான். ஆயினும் சிக்கிமின் தொடக்க நிலையை மறந்துவிடக் கூடாது. ஆறு லட்சம் ஜனத்தொகை, மலைச் சரிவு, முன்பே ஹெக்டேருக்குப் பத்துக் கிலோவுக்கும் குறைவாக உரம் போட்டவர்கள், முக்கியப் பயிர்கள் ஏலக்காய், இஞ்சி, மஞ்சள். சோற்றுக்கு அரிசி சிலிகுரியிலிருந்து வருகிறது. 2018ல் வெளியிலிருந்து வரும் சில காய்கறிகளுக்குத் தடை போட்டபோது கடைவீதியில் விலை ஏறி ஜனங்கள் முணுமுணுத்தார்கள். இஞ்சி விளைவிப்பவர்களோ, சர்ட்டிபிகேட் இருந்தும் வியாபாரி சாதாரண விலைக்குத்தான் எடுக்கிறார் என்று குறைப்பட்டார்கள். மாற்றத்துக்குச் சட்டம் போட முடிந்தது. விலைக்குச் சட்டம் போட முடியவில்லை.

ஆந்திரம் போன பாதை

ஆந்திரம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2016ல் தொடங்கிய திட்டத்தை ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. இங்கே தடைச் சட்டம் இல்லை. அதிகாரி வந்து உபதேசம் செய்வதைவிட, அதே முறையில் பயிர் செய்து பலன் கண்ட விவசாயியே பக்கத்து ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார். கிராமத்துப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள்தான் இதன் முதுகெலும்பு. கடன் வாங்கித் திருப்பிக் கட்டிப் பழகிய அந்தக் குழுக்களில், யார் என்ன விதைத்தார்கள், என்ன செலவானது என்ற கணக்கும் பேச்சும் நடக்கிறது. அஸீம் பிரேம்ஜி அறநிதியும் ஜெர்மானிய வளர்ச்சி பாங்கும் பண உதவி செய்தன.

2018ல் ஆந்திர அரசு ஒரு பெரிய அறிவிப்பைச் செய்தது. 2024க்குள் 60 லட்சம் விவசாயிகளையும் மாற்றிவிடுவோம் என்றது. 2024 வந்தபோது எண்ணிக்கை பத்து லட்சம் அளவில்தான் நின்றது. இலக்கோடு ஒப்பிட்டால் தோல்வி. நாட்டின் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் பெரிய வெற்றி. அந்த ஆண்டே போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் பரிசு இத்திட்டத்துக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. திருப்பதி தேவஸ்தானம் பிரசாதத்துக்கான பண்டங்களை இந்த விவசாயிகளிடமிருந்து கொள்முதல் செய்ய ஒப்பந்தம் செய்துகொண்டதும் குறிப்பிடத்தக்கது. லட்டுக்குக் கடலைப்பருப்பு வாங்கும் ஓர் இடம் நிச்சயமாக இருந்தால் விவசாயிக்கு எவ்வளவு தைரியம் வரும் என்பதற்கு இது உதாரணம்.

இலங்கை தந்த எச்சரிக்கை

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கடலுக்கு அப்பால் பார்த்தோம். இலங்கையில் 2019ல் ஜனாதிபதியாக வந்த கோத்தபாய ராஜபக்ஷ, பத்து ஆண்டுகளில் அங்கக விவசாயத்துக்கு மாறுவதாகத் தேர்தல் வாக்குறுதி கொடுத்தவர். அன்னியச் செலாவணி குறைந்துவந்த 2021 மே மாதத்தில், ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார். பத்து ஆண்டு வேலை ஒரே போகத்தில் முடிய வேண்டும் என்றாயிற்று. மாற்று எரு தயாராக இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டங்களிலும் விளைச்சல் குறைந்தது. கொழுந்தின் எடைக்கு ஏற்பக் கூலி என்னும்போது அடி யார் வயிற்றில் விழும் என்பது தெரிந்ததே. நவம்பரில் தடையை விலக்கினார்கள். 2022ல் இந்தியாவின் கடனுதவியில் யூரியா கப்பல் ஏறிக் கொழும்பு சென்றது.

இலங்கையின் துன்பத்துக்கு உரத் தடை ஒன்றே காரணம் அல்ல. கடன் சுமையும் செலாவணிப் பஞ்சமும் பெரிய காரணங்கள். இயற்கை விவசாயமே பொய் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறு. மண்ணையும் மனிதனையும் தயார் செய்யாமல் உத்தரவு மட்டும் போட்டால் பயிர் விளையாது என்பதே இதில் உள்ள பாடம்.

விஞ்ஞானிகளின் ஆட்சேபம்

இந்தியாவிலும் எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. செலவில்லா இயற்கை விவசாயத்தை 2019 பட்ஜெட்டில் மத்திய அரசு பாராட்டியபோது, தேசிய விவசாய விஞ்ஞானக் கழகம் அதை ஏற்கவில்லை. போதுமான சோதனை இல்லாத முறை என்று ஆட்சேபம் தெரிவித்தது.

அவர்கள் சொல்லும் கணக்கு எளிதானது. ஒரு மூட்டை யூரியாவில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான். அந்த ஒரு மூட்டைக்கு ஈடு செய்ய நான்கு டன் எரு வேண்டும். டிராக்டர் வந்து மாடு குறைந்துவிட்ட ஊரில் நான்கு டன் எருவுக்கு எங்கே போவது?

இதற்கு இயற்கை விவசாயிகள் சொல்லும் பதிலும் வெறும் நம்பிக்கை அல்ல. தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி போன்றவற்றை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், காற்றில் உள்ள தழைச்சத்து மண்ணுக்கு வருகிறது. பயறு வகையை ஊடுபயிராக்கினாலும் அப்படியே. இது நம் பாட்டன் காலத்தில் தெரிந்த சங்கதி. ஆனால் அதற்கு ஒன்றரை மாதமாவது நிலத்தை விட்டுவைக்க வேண்டும். விதை கிடைக்க வேண்டும். ஒரு மழையோ ஒரு தண்ணீரோ வேண்டும். இரு தரப்பும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால், அரசு ஆதரவு எந்த இடத்தில் தேவை என்பது தெளிவாகிறது. பசுந்தாள் விதை, எரு, விவசாயக் கல்லூரிகளில் நீண்ட காலச் சோதனை ஆகிய மூன்றுக்கும் பணம் வேண்டும்.

முத்திரை உண்மையா?

விவசாயி உண்மையாக நடந்தாலும், அதை வாங்குபவர் நம்புவதற்கு முத்திரை வேண்டும். இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வெளியார் நிறுவனம் வந்து பரிசோதித்துச் சர்ட்டிபிகேட் தருவது. ஏற்றுமதிக்கு இது கட்டாயம், செலவு அதிகம். மற்றொன்று, பங்கேற்பு உத்தரவாத முறை. ஐந்து பேருக்குக் குறையாத விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று சொல்வது. செலவு மிகக் குறைவு. உள்நாட்டு விற்பனைக்கு மட்டும் செல்லும்.

முதல் வழியிலும் ஊழல் நுழையாமல் இல்லை. அங்ககப் பருத்தி என்று பெயர் வைத்துச் சாதாரணப் பருத்தியை அனுப்பிய புகார்கள் உலகச் சந்தையில் இந்தியாவின் பெயரைக் கெடுத்தன. இந்தியச் சர்ட்டிபிகேட்டை நேராக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை அமெரிக்கா 2021ல் ரத்து செய்தது. ஏமாற்றியவர்கள் சிலர்; கஷ்டப்பட்டவர்கள் ஒழுங்காகப் பயிர் செய்த பலர். 2025 ஜனவரியில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி வெளியிட்டது இந்தப் பின்னணியில்தான்.

கடையில் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 2017ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, அங்ககப் பண்டம் என்று பொட்டலத்தில் அச்சிட்டு விற்றால் "ஜைவிக் பாரத்" முத்திரை இருக்க வேண்டும். "நேச்சுரல்", "நாட்டு", "கிராமத்து" என்ற வார்த்தைகளுக்கு அந்த மதிப்பு கிடையாது. "பி.ஜி.எஸ். கிரீன்" என்றால் மாறுதல் காலத்தில் உள்ள நிலத்தின் விளைச்சல் என்று பொருள். சிறு விவசாயி தானே நேராகக் கொண்டுவந்து விற்றால் சர்ட்டிபிகேட் கட்டாயமில்லை. அங்கே மனிதரைத் தெரிந்துதான் வாங்க வேண்டும்.

வாங்குவது அரசாக இருந்தால்

சிக்கிம், ஆந்திரம் இரண்டும் காட்டுவது ஒன்றே. மான்யத்தைவிட நிச்சயமான கொள்முதல் பலமுள்ளது. நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதார விலை இருக்கிறது. ரசாயனம் போடாத நெல்லுக்குத் தனியான ஆதார விலை கிடையாது. அரசின் கொள்முதல் நிலையத்தில் இரண்டும் ஒரே சாக்கில் கொட்டப்படுகின்றன.

ஒடிசா 2017ல் தொடங்கிய சிறுதானியத் திட்டம் ஒரு வழியைக் காட்டியது. மலைப் பகுதி விவசாயிகளுக்கு முதல் சில ஆண்டுகள் உதவித்தொகை கொடுத்து, விளைந்த கேழ்வரகை அரசே வாங்கி, ரேஷனிலும் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு லட்டாகவும் கொடுத்தது. பணக்காரர் கடைக்குப் போகும் பண்டம் ஏழைக் குழந்தையின் தட்டுக்கு வந்தது. பள்ளிச் சத்துணவு, ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி, கோயில் அன்னதானம் ஆகியவற்றில் பத்தில் ஒரு பங்கு கொள்முதலை மாறுதல் காலத்தில் உள்ள விவசாயிகளுக்கு என்று ஒதுக்கினாலே, மூன்று வருஷச் சுமையின் பெரும்பகுதி இறங்கிவிடும்.

ஊர் நிலமும் பட்டணத்துக் குப்பையும்

கடைசியாக, வெளி மாநிலத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று குத்தகை. நிலத்தை வாய்ப்பேச்சில் வருஷத்துக்கு வருஷம் குத்தகைக்கு விடுவதுதான் வழக்கம். அடுத்த வருஷம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்துக்கு எவரும் எரு சேர்க்க மாட்டார். பசுந்தாள் விதைக்க மாட்டார். யூரியா போட்டால் பலன் இந்த வருஷமே தெரியும். மண்ணை வளப்படுத்தினால் பலன் மூன்றாம் வருஷம் தெரியும். அந்த மூன்றாம் வருஷம் வேறு ஆளுக்கு என்றால் அவர் ஏன் உழைக்க வேண்டும்? மேலும் பட்டா சொந்தக்காரர் பெயரில் இருப்பதால், அரசின் உதவித்தொகையும் உழுகிறவருக்குச் சிரமமில்லாமல் கிடைப்பதில்லை. மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு எழுத்துமூலம் குத்தகை எழுதிக் கொடுப்பது நிலச் சொந்தக்காரர் தன் செலவில்லாமல் செய்யக்கூடிய உதவி. ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்கும் சட்டப் பாதுகாப்பை இரு தரப்புக்கும் கொடுப்பது மாநில அரசுகளின் கடமை.

இரண்டாவது குப்பை. நான்கு டன் எருவுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் நகரங்களில் இருக்கிறது. பெங்களூரில் 1975லேயே கர்நாடக மக்கு உர வளர்ச்சிக் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. நகரக் குப்பையை உரமாக்கி நிலத்துக்கு அனுப்புவது அதன் வேலை. 2016ல் மத்திய அரசு நகர மக்கு உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. ஆனால் காய்கறித் தோலும் பிளாஸ்டிக்கும் உடைந்த பல்பும் ஒன்றாகக் கலந்து வரும் குப்பையிலிருந்து நல்ல உரம் வராது. கண்ணாடிச் சில்லு கலந்த எருவை எந்த விவசாயியும் வயலில் கொட்ட மாட்டார். அந்தக் கலப்பைக் கையால் பிரிப்பவர்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. வீட்டிலேயே ஈரக் குப்பையைத் தனியே வைப்பது சுகாதாரம் மட்டுமல்ல, அது விவசாயமும்கூட.

முடிவாகச் சொல்ல வேண்டியது

இயற்கை விவசாயம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் பழசாகிவிட்டது. எவ்வளவு வேகத்தில், யாருடைய செலவில் என்பதுதான் இன்றைய கேள்வி. உத்தரவு போட்ட நாடு தடுமாறியது. தடைச் சட்டம் போட்ட மாநிலம் விலை கிடைக்காமல் திணறியது. பக்கத்து வயல்காரர் சொல்லிக்கொடுத்த மாநிலம் மெதுவாக, ஆனால் உறுதியாக நடந்தது. மூன்றிலும் ஒரே குறை தெரிகிறது: மாறுதல் காலத்தில் சிறு விவசாயி தனியாக விடப்படுகிறார்.

அரசு உர மான்யத்தை நாளையே வெட்ட வேண்டும் என்பதல்ல. அப்படிச் செய்தால் முதலில் விழுபவரும் அதே சிறு விவசாயிதான். மிச்சமாகும் யூரியாவின் மான்யத்தை மிச்சம் செய்தவருக்கே கொடுப்பது. மாறுதல் காலத்து விளைச்சலை அரசு நிறுவனங்கள் வாங்குவது. உழுகிறவரின் பெயரில் உதவி சேர்வது. இந்த மூன்றும் நடந்தால் விவசாயி தைரியமாகக் காலெடுத்து வைப்பார். விளைச்சல் பெருகினால் கடைப் பலகையின் கீழே உள்ள விலைச் சீட்டும் இறங்கும். அதுவரை "சாவயவ" என்ற பலகை, மாதச் சம்பளக்காரர் படித்துவிட்டுக் கடந்துபோகும் பலகையாகவே இருக்கும்.